வேர் வரைக்கும் போகுமா?

மூன்று வருடமாகக் குடல் அழற்சி காளியண்ணனைப் படுத்தி எடுத்தது. உள்ளே புண். ரத்தமாகப் போகும், சோற்றைக் கண்டாலே பயம். ஈப்போ மருத்துவமனையில் மாதம் ஓர் ஊசி. அதை விட்டால் குடலையே வெட்டி எடுக்க நேரலாம் என்று டாக்டர் சாந்தினி முதலிலேயே எச்சரித்திருந்தார்.

போன மாதம் அவர் ஊசிக்குப் போகவில்லை. காய்கறி லோரி ஓட்டும் ரெங்கசாமி ஒரு சின்னக் குப்பி கொடுத்திருந்தான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய். நாக்குக்கடியில் சில சொட்டு. கையில் வைத்திருந்தாலே ஜெயில் என்று மனைவி பவளம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மனுஷன் நன்றாகத் தூங்கினார், இரண்டாம் முறை சோறு கேட்டார், வலி என்ற பேச்சே இல்லை.

நாளை அடுத்த ஊசி.

"அதான் நல்லாயிட்டேனே. ஊசி எதுக்குலா இனிமே?" என்றார்.

சாயங்காலம் இருவரும் லெம்பா பெர்த்தாம் மலைப் பள்ளத்தாக்கில் தங்கள் முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கினார்கள். மதிய வெயிலில் ஒரு வரிசை துவண்டு கிடந்தது. பவளம் தண்ணீர் விட்டிருந்தாள். இப்போது இலைகள் விறைப்பாக நின்றன. தப்பித்துவிட்டது என்று அவள் சந்தோஷப்படுவதற்குள் காளியண்ணன் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கி, அழுகல் வாடை அடித்தது.

"எல நிமிந்துட்டா ஆச்சா? வேரப் பாக்கணும் பவளம்."

அவள் செடியைப் பார்த்தாள். பிறகு அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் எல நிமிந்துதான் இருக்கு. வேர யாரு பிடுங்கிப் பாத்தா?"

அவர் வீட்டுக்கு வந்ததும் குப்பியை அவளிடம் நீட்டினார். அவள் அதைக் கக்கூஸில் கவிழ்த்தாள். காலையில் தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கு முதல் பஸ் பிடித்தார்கள்.

மருத்துவமனையில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் சாந்தினி கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். புண் ஆறவில்லை; கொஞ்சம் பரவியும் இருந்தது.

காளியண்ணனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அப்படியானால் வலி எங்கே போயிற்று?

டாக்டர் திட்டவில்லை. அந்த எண்ணெய் வலியைக் குறைக்கலாம், தூக்கமும் பசியும் தரலாம். புண்ணை ஆற்றும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார். ரெங்கசாமியின் குப்பியில் என்னென்ன கலந்திருந்ததோ, அதுவும் யாருக்கும் தெரியாது. குடலை வெட்டும் நிலைமை இன்னும் வரவில்லை. ஆனால் ஊசியை இன்றே போட வேண்டும்.

காளியண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஆராய்ச்சி முடிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டர். வேரு வரைக்கும் போவுதான்னு தெரிஞ்சுக்கணும்."