முப்பத்தெட்டு பவுண்டு வில்

“நான் கல்லைப் பத்திக் கேக்குறேன்க்கா, நீங்க வேற எதையோ...”

“அத விடுன்னுதான சொல்றேன், பாரஸ்டரு எழுதிக்கிட்டுப் போயாச்சு...”

“காளியாயி கல்லெறிஞ்சதப் பாத்தேன்னு ஏன் சொன்னீங்க? எங்க பாத்தீங்க நீங்க?”

“பின்ன, எங்க சாஹிரா விட்ட அம்பு அந்த மாட்டுத் தொடைக்குள்ள கெடக்குன்னு சொல்லவா? சொல்லு, இப்பவே போன் போடுறேன்.”

சாஹிரா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

தேவசேனா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தரையில் எடை மாட்டிய இரும்புக் கம்பி கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் சாஹிரா, அந்தப் பக்கம் தேவசேனா. வெளியே பனிமூட்டம் இறங்கி, அம்பு விடும் வைக்கோல் பலகைகூடத் தெரியவில்லை.

இந்தக் கொட்டகைக்கு சாஹிரா வந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் அமானுல்லாவுக்கு பஜாரில் தைலக்கடை. கடையில் நின்று நின்று சாஹிராவுக்கு இடுப்பு போய்விட்டது. எடை தூக்குங்கள் என்று டாக்டர் சொன்னபோது, தைல டின் தூக்கித்தானே இப்படி ஆனேன் என்று சிரித்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற தேவசேனாதான், வா, நான் சொல்லித் தர்றேன் என்று கூப்பிட்டாள். முதலில் பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிக் கம்பியில் கோத்துத் தூக்கினார்கள். பிறகு திண்டுக்கல்லில் இருந்து நிஜமான தட்டுகள் வந்தன. தேவசேனாவின் மகன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனபோது வில்லை விட்டுவிட்டுப் போனான். அதையும் எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய், வியாழன் எடை. மற்ற நாள் காலையில் வில்.

பஜாரில் கேலிக்குக் குறைவில்லை. இனிமேல் எட்டி நின்று சண்டை போட்டாலும் தப்பிக்க முடியாது என்று அமானுல்லாவே வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாஹிரா கண்டுகொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில் இரண்டு மாடி ஏறியும் மூச்சு வாங்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அந்த மலைப் பக்கம் காட்டுமாடு ரோட்டில் நடந்து போகும். யாரும் ஓடமாட்டார்கள். ஒதுங்கி நின்று, போன பிறகு நடப்பார்கள். அதில் ஒரு கிழட்டுக் காளைக்கு தேவசேனாவின் பீன்ஸ் மேல் ஆசை. தகரம் தட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதற்கு இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ்ஷை அம்பு முனையில் செருகி, பின்தொடையைப் பார்த்து ஒன்று போடுவது. அம்பு டப்பென்று பட்டுத் தெறித்து விழும். காளை, அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டும். ஒரு வருஷமாக இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்போது அது இருபத்துநாலு பவுண்டு வில். அதாவது, நாணை முழுக்க இழுக்க அவ்வளவு பலம் வேண்டும். நாலு வருஷம் எடை தூக்கியதில் சாஹிராவின் தோளும் முதுகும் உரமேறி, அந்த வில் அவள் கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. போன மாசம் வில்லில் வளைகிற இரண்டு கைகளையும் கழற்றிவிட்டு, முப்பத்தெட்டு பவுண்டுக் கைகள் வாங்கி மாட்டினார்கள். அந்த வாரம்தான் அறுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினாள். ஒரு சிமெண்ட் மூட்டையும் மேலே பத்து கிலோவும். தேவசேனா கைதட்டினாள்.

திங்கட்கிழமை வெள்ளனே காளை பீன்ஸுக்குள் நின்றது. போடு ஒண்ணு என்றாள் தேவசேனா. அதே ரப்பர், அதே தூரம். வில் மாறியது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. டப்பென்ற சத்தம் கேட்கவில்லை. அம்பு தெறிக்கவும் இல்லை; முனை ரப்பரைத் துளைத்துக்கொண்டு தொடைக்குள் இறங்கிவிட்டது. காளை ஒரு முறை முக்கியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வேலி ஓரத்தில் பாதி அம்பு ஒடிந்து கிடந்தது. மீதிப் பாதியைக் காணோம். கிடைத்ததை தேவசேனா எடுத்து செப்டிக் டேங்குக்குள் போட்டாள்.

வியாழக்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் போகிற ஒற்றையடிப் பாதையில் கேரட் கழுவும் வேலைக்குப் போன காளியாயியை அந்தக் காளை குத்தித் தூக்கி எறிந்தது.

“அவ ரோடே இல்லாத வெள்ளகவியில பொறந்தவக்கா,” என்றாள் சாஹிரா. “நடக்கப் பழகுனதே காட்டுப் பாதையில. அவ போயி மாட்டு மேல கல்லெறிவாளா? யாராச்சும் நம்புவாங்களா?”

“நம்பிட்டாங்கல்ல.”

நம்பித்தான் விட்டார்கள். கல்லெறிந்து மாட்டை வெறியேற்றிவிட்டாள் என்று ஆனதும், காளை அகப்படும் வரைக்கும் அந்தப் பாதையில் யாரும் போகக் கூடாதென்று கயிறு கட்டிவிட்டார்கள். கேரட்டுக்குப் போகிற பெண்கள் இப்போது ரோடு வழியாகச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள். நடக்கிற ஒவ்வொருத்தியும் காளியாயியைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் பார்க்க ஒருத்திகூடப் போகவில்லை.

தேவசேனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். காட்டுமாட்டைக் காயப்படுத்தினால் வருஷக்கணக்கில் உள்ளே போக வேண்டும். விட்டது நீ, விடச் சொன்னது நான், வில் என் மகனுடையது. மூன்று பேருக்கும் கேடு. காளியாயிக்கு என்ன, இடுப்பு எலும்பு கூடினால் எழுந்து நடக்கப்போகிறாள். கல்லெறிந்தாள் என்பதற்காக அவளை யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை.

“உன்னக் காப்பாத்தத்தான சொன்னேன்,” என்றாள். சொல்லிவிட்டு, இன்னைக்கு எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் நாள், வா என்று கம்பியில் தட்டைக் கூட்டினாள்.

சாஹிரா சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடையில் அமானுல்லா குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னாள். ரப்பர் புஷ்ஷைச் சொன்னாள். முக்கின சத்தத்தைச் சொன்னாள். ரேஞ்சரிடம் போய் ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஒட்டி முடித்த குப்பிகளை வரிசையாக அடுக்கினார். கடைக்கு வந்த ஆளுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினார்.

“நீ எதுவும் சொல்லல,” என்றார் கடைசியில். “நான் எதுவும் கேக்கல.”

அதற்குப் பிறகு ஆறு நாள். தினமும் காலையில் ரேஞ்சர் ஆபீசுக்கென்று புடவை மாற்றுவாள். ஒரு நாள் மழை. ஒரு நாள் வெள்ளிக்கிழமை. ஒரு நாள் ரேஞ்சர் பாச்சலூர்ப் பக்கம் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கொட்டகைக்கு அவள் போகவில்லை. தைல டின்னைத் தூக்கி வைக்கும்போது அது இலகுவாக எழுந்தது. அப்படி எழுந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏழாம் நாள் மதுரைக்கு முதல் பஸ் ஏறினாள்.

வார்டில் காளியாயி மல்லாந்து கிடந்தாள். இடுப்பிலிருந்து கால்வரை கட்டு. கூட இருந்த மகள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். சாஹிராவைப் பார்த்ததும் காளியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரிலிருந்து வந்த முதல் ஆள் நீங்கதான் என்றாள். உட்காரச் சொன்னாள், உட்கார ஸ்டூல் இல்லை என்று வருத்தப்பட்டாள். பாதை திறந்துவிட்டார்களா என்று கேட்டாள். பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

“அது நொண்டுச்சும்மா. தள்ளி நின்னுதான் பாத்தேன். வயசாயிருச்சு போலன்னு நெனச்சேன். பாவம், ஒதுங்கிக்க சாமின்னு சொன்னேன். அம்புட்டுத்தான். கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. டீச்சரம்மா பொய் சொல்ல மாட்டாங்க. எம் மகளே கேட்டுட்டா, எதுக்கும்மா எறிஞ்சன்னு. இங்க படுத்துப் படுத்து யோசிக்கிறேன். எறிஞ்சிருப்பேனோன்னு எனக்கே தோணிப்போச்சு.”

சாஹிரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எறியல, காளியாயி. அது நொண்டுனது என்னாலதான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். பீன்ஸ், ரப்பர், பழைய வில், புது வில், ஒடிந்த பாதி, உள்ளே போன பாதி. டீச்சர் எதையும் பார்க்கவில்லை, எனக்காகப் பொய் சொன்னார் என்பதையும் சொன்னாள். குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. நாலு வருஷத்தில் தூக்கி இறக்கிய எந்த எடையும் இப்படி இறங்கியதில்லை.

பக்கத்துக் கட்டில்காரி இருமி முடிக்கும்வரை காளியாயி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. அப்புறம் தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள்.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. ரேஞ்சராபீசத் தாண்டித்தானம்மா மதுரை பஸ்ஸுக்கு நடந்து வந்திருப்பீங்க?”