இரண்டு அன்பளிப்புச் சீட்டுகள்

நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். முன்பின்னாக எழுதினால் மகாராஜா பெரிய வீரன் போலவும் நான் பெரிய கோழை போலவும் ஆகிவிடும். இரண்டாவது உண்மையாகவும் இருக்கலாம்.

மகாராஜா என்னோடு மாலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறான். பகலில் ஜங்ஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை. விடுமுறை நாட்களில் மேடை ஏறுவான். ஓர் ஆள், ஒரு மைக், அவ்வளவுதான். பாட்டு கிடையாது, நடிகர்களின் குரல் கிடையாது. எதைப் பேசினால் அந்த ஊரில் அடி விழுமோ அதைப் பேசிச் சிரிக்க வைப்பான். சிரித்து முடித்த பிறகுதான் ஜனங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பை தூக்கவும், மேடையோரம் நின்று அன்பளிப்புச் சீட்டுகளை வாங்கிக் கொடுக்கவும் நான் கூடப் போவேன்.

எங்கள் பக்கத்து மேடைகளில் அந்தச் சீட்டு சாதாரண விஷயமில்லை. யாராவது ரூபாய் நோட்டோடு ஒரு துண்டுத் தாளை நீட்டினால், மேடையில் இருப்பவர் பேச்சை நிறுத்தி அதை வாசித்தே ஆகவேண்டும். வாசிக்காவிட்டால், கொடுத்தவரை ஊர் முன்னால் அவமதித்ததாக அர்த்தம்.

இந்தப் பொங்கலுக்குச் சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்து ஊர் ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். கோயிலில் எந்தத் தெருவுக்கு முதலில் திருநீறு என்பதில் தகராறு வந்து, ஐப்பசியில் தெருவுக்கு ஒரு பையன் வெட்டுப்பட்டுச் செத்துப்போன ஊர் அது. மேலத்தெருவில் சுடலைக்கண்ணு, கீழத்தெருவில் இசக்கியப்பன். பிறகு அதிகாரிகள் சமாதானக் கமிட்டி போட்டு, இரண்டு தெருவையும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கயிறு. கயிறு முடியும் இடத்தில் போலீஸ் வேன்.

கமிட்டிக்காரர் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி மகாராஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லாச் சிரிக்க வையும். தெருவப் பத்தி மட்டும் பேசாதேயும் வே."

"வேற எதப் பத்திப் பேச அண்ணாச்சி?"

"மாமியா மருமவளப் பத்திப் பேசும்."

"மாமியா எந்தத் தெருன்னு கேப்பாங்களே."

அண்ணாச்சி சிரிக்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் மேடை ஏறினான். "உங்க ஊருல சுடுகாடு ரெண்டு. ரெண்டுக்கும் கொட்டகை போட்டது ஒரே காண்ட்ராக்டர். ரெண்டும் ஒழுகுது. கவர்மெண்டு வித்தியாசமே பாக்கல." கயிற்றின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். "இங்க வார பஸ்ஸுல ஒண்ணுலயும் கண்ணாடி இல்ல. எறிஞ்ச கல்லு எந்தத் தெருக் கல்லுன்னு விசாரணை நடக்குது. கல்லு வாயத் தொறக்க மாட்டேங்கு. ஏட்டய்யா நாலு மிதி மிதிச்சா ஒத்துக்கிடும்." வேனுக்குள் ஒரு போலீஸ்காரர்கூடச் சிரித்தார்.

அப்போதுதான் மேலத்தெருப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து நோட்டோடு சீட்டை என் கையில் வைத்தார். 'எங்கள் சிங்கம் சுடலைக்கண்ணுவுக்கு வீரவணக்கம் சொல்லவும்.' நான் அதை மடிப்பதற்குள் கீழத்தெருவிலிருந்து ஒருவன் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து இன்னொன்றைத் திணித்தான். அதே வாசகம், இசக்கியப்பன் பெயர்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"எத முதல்ல குடுக்கப் போற?"

"ரெண்டையும் குடுக்காம இருந்துரட்டா?"

"இருந்தா, ரெண்டு தெருவும் ஒத்துமையா வந்து நம்மள வெட்டும் டே."

கூட்டம் முழுவதும் என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு எந்த யோசனையும் வரவில்லை. இரண்டு சீட்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்து ஒரே நேரத்தில் நீட்டினேன். முடிவு எடுக்கிற வேலையை அவன் தலையில் தள்ளியதாகத்தான் இப்போதும் தோன்றுகிறது.

மகாராஜா வாசித்தான். முகம் மாறவில்லை.

"ரெண்டு அன்பளிப்பு வந்திருக்கு. நன்றி. யாரு பேர முதல்ல சொல்லணும்னு சம்பந்தப்பட்டவங்களையே ஒரு வார்த்த கேட்டுருவோம்." கீழத்தெருப் பக்கம் திரும்பி மெல்லிய குரலிலும், மேலத்தெருப் பக்கம் திரும்பித் தடித்த குரலிலும் பேச ஆரம்பித்தான். "ஆஸ்பத்திரிப் பிணவறை. ஐஸ் பெட்டி ஒண்ணுதான், ஆளு ரெண்டு. நடுவுல கயிறு கட்ட எடமில்ல."

"ஏலே இசக்கி, நகந்து படுலே. குளிருது," என்றது தடித்த குரல்.

"நீதாம்லே என்ன வெட்டுன," என்றது மெல்லிய குரல்.

"நீ என்ன பூவா போட்ட? சரி, வெளிய மைக்குல நம்ம பேரச் சொல்லப் போறாங்க. ஒம் பேர முதல்ல சொல்லச் சொல்லு."

"எனக்கு வேண்டாம். ஒம் பேரே முதல்ல இருக்கட்டும்."

"ஏம்லே, இதுக்குத்தான செத்தோம்?"

"முதல்ல எந்தப் பேரச் சொல்லுதாங்களோ, அந்த வீட்டுலதான் அடுத்த வெட்டு விழும். எங்க வீட்டுல தம்பி இருக்கான்," என்றது மெல்லிய குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கயிற்றின் இரண்டு பக்கமும் ஆண்கள் எழுந்தார்கள். போலீஸார் விசில் ஊதினார்கள், யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அண்ணாச்சி எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியே இழுத்துக்கொண்டு போனார். "பைய நடங்க. ஓடாதீங்க. ஓடுனா வெரட்டுவான்."

பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்பே கீழத்தெருக்காரர்கள் சிலர் நின்றார்கள். முன்னால் நின்றவனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"செத்தவன வச்சாலே வித்த காட்டுத?"

அண்ணாச்சி கும்பிட்டார். மகாராஜாவும் கைகளைக் குவித்தான். மைதானத்தையே சிரிக்க வைத்தவன். தூரத்து வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. அது வந்து சேரும்வரை உயிரோடு நின்றால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு பெண் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "இசக்கியப்பன் அம்மா, பேச்சித்தாய்," என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார். "கைய மறைச்சிட்டு நிக்கவன் அவ இளைய மகன்."

"எம்மா, நீ ஒரு வார்த்த சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்," என்றான் அவன்.

அவள் மகாராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம் மூத்தவனுக்கு இப்படிக் கீச்சுக் குரல் கிடையாது. கட்டக் குரல். அடித்தொண்டையிலேருந்து வரும்."

அவள் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னேல்லா. அத அந்தக் குரல்ல சொல்லு."

மகாராஜா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க வீட்டுல தம்பி இருக்கான்."

"இன்னுங் கொஞ்சம் கீழ."

பஸ் வந்து நின்றது. "ஏறுதீங்களா இல்லையா வே?" என்று கண்டக்டர் கேட்டார். பிறகு, நின்றவர்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டுல தம்பி இருக்கான்."

பேச்சித்தாயின் உதடு கோணியது. மகாராஜாவின் தோளைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கையை வைத்திருந்தவன் பக்கமாகத் திருப்பினாள்.

"என்னப் பாத்து இல்ல. இவனப் பாத்துச் சொல்லு."

தம்பிக்காரன் ஓர் அடி பின்னால் போனான். கை முன்னால் வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். மகாராஜா மூன்றாவது முறை சொன்னபோது பஸ் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ," என்றாள்.