ரிலீவர் கல்லரசி

ஜூஜுவாடியில் நடக்கும் 'கல்லரசி' பாட்டு நாடகத்தில் லிபியா நான்காவது முறையாக நடித்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பாட்டின்போது சங்கிலி மாட்டாமலே மேலே போனாள். அன்று ஓசூர் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. அத்திப்பள்ளிப் பக்கம் லாரிகள் வழக்கம்போலத் தேங்கி நின்றன. சங்கிலி இழுக்கும் கமலக்கண்ணன், அவள் இடுப்புப் பட்டையின் வளையத்தில் கொக்கியை மாட்ட மறந்துபோயிருந்தான். பாட்டு தொடங்கியதும் பழக்கத்தில் இழுத்தான். கையில் கனமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கொக்கி ஒரு பக்கம் தனியாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி லிபியா தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் தலை தட்டியதும் நின்றாள். மிச்சப் பாட்டை அங்கேயே பாடி முடித்துவிட்டு மெல்ல இறங்கி, திரைக்குப் பின்னால் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, ராத்திரி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடினாள்.

அந்த நாடகம் பத்து ஆண்டுகளாக நடக்கிறது. ஊரடங்கு மாதங்கள் தவிர ஒரு ஞாயிறுகூட நின்றதில்லை. எழுதி மெட்டுப்போட்டவர் பிரகாசம். வால்வு கம்பெனியில் தர சோதகர், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். கோட்டை கட்டக் கல் வேண்டுமென்று ஒரு ராஜா மலையை வெடிவைத்துப் பிளக்கிறான். பாறைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை என்ன செய்வதென்று தெரியாமல் ராஜாவும் ஊரும் மூன்று மணி நேரம் பாடுகிறார்கள். கடைசியில் அவள் வானத்துக்குப் போய்விடுகிறாள். கதை இவ்வளவுதான். மூடிக்கிடந்த கிரானைட் பாலிஷ் ஷெட்தான் கொட்டகை. கல் பலகைகளைத் தூக்குவதற்கு உத்தரத்தில் தொங்கிய செயின் பிளாக்கில்தான் கல்லரசி வானத்துக்குப் போவாள். நடிப்பவர்களில் பாதிப்பேர் ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு ஆள் உண்டு. கம்பெனியில் ஒருத்தர் இடத்தில் வந்து நிற்பவரை ரிலீவர் என்பார்கள். நாடகத்திலும் அதே பேர். ஞாயிறு மதியம் பிரகாசம் கேட்டில் மாட்டிய கரும்பலகையில் இன்றைக்கு யார் யார் என்று சாக்பீஸால் எழுதுவார். ரசிகர்கள் முதலில் பலகையைப் பார்ப்பார்கள், பிறகுதான் டிக்கெட் வாங்குவார்கள். ராஜாவின் ரிலீவருக்கு வசனம் சுத்தம், ஆனால் மீசை நிற்காது. மந்திரியின் ரிலீவர் சேலத்துக்காரர், அழுகையில் கெட்டிக்காரர். இப்படியெல்லாம் எதிரே இருக்கிற டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். கன்னடத்தில் தொடங்குகிற சண்டை தெலுங்கில் சூடாகித் தமிழில் முடியும்.

கல்லரசி என்றால் அது அத்திப்பள்ளி சௌமியாதான். தையல் கடை வைத்திருப்பவள். முகூர்த்த மாதங்களில் ரவிக்கை வேலை குவியும்போது மட்டும் ரிலீவர் ஏறுவாள். முன்பிருந்த ரிலீவர் கல்யாணமாகி வேப்பனப்பள்ளிக்குப் போய்விட்டதால், போன் உதிரிப்பாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்த நாகரசம்பட்டிப் பெண் லிபியாவைப் பிரகாசம் சர்ச்சிலிருந்து அழைத்துவந்தார். அவள் மேலே போனதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. நன்றாக இருந்ததா இல்லையா என்றுதான் பேசினார்கள். முதல் வரிசையில் பத்து ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் உட்காரும் லேத் ஆப்பரேட்டர் நல்லுசாமிக்கு அது பிடிக்கவே இல்லை.

"மூணாவது வரியிலதான் காலு எழும்பணும். இந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது வரியிலயே எழும்பிடுது. கணக்கே இல்ல. சௌமியா போறப்ப பாரு, பட்டை இடுப்ப அறுக்கறது மூஞ்சியில தெரியும். அதுதான்யா நடிப்பு. இவளுக்கு சும்மா போவுது. சும்மா போறதுல என்னா இருக்குது?"

வேர்க்கடலை விற்கும் சாந்தம்மா, ரிலீவர் கட்சி. "ஏமிய்யா நல்லுசாமி, ஒருத்தி வலியில துடிச்சாத்தான் உனக்குக் குடுத்த காசு செரிக்குமா? உன் பொண்டாட்டி பாவம்."

"பொண்டாட்டிய ஏன் இழுக்கறே? நான் வரியப் பத்திப் பேசறேன்."

"வரியாம், வரி! அவ தலைக்கு மேல நிக்கறா, நீ கீழ கோடு போட்டுக்கினு கெட."

கமலக்கண்ணன் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. வார்ப்படக் கம்பெனியில் கிரேன் வேலையில் இருந்தவன். பகலில் தூக்கம் வராது. ராத்திரி ஷிஃப்ட் வாரங்களில் கண் எரிய எரியப் பகல் முழுக்கப் படுத்துக்கிடந்து, ஒருநாள் பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டான். அதோடு வேலை முடிந்தது. அவனிடம் மிஞ்சியது கைதான். சங்கிலியைத் தொட்டால் எதிர்முனையில் எவ்வளவு கனம் என்று கை சொல்லிவிடும். சௌமியா ஐம்பத்துநாலு கிலோ. தீபாவளி வாரத்தில் ஐம்பத்தைந்து. ரசிகர்கள் எழும்புவதைப் பற்றி அடித்துக்கொண்டபோது, இறங்குவதைக் கவனித்தவன் அவன் ஒருத்தன்தான். முதல் முறை லிபியா பாட்டு முடிந்ததும் இறங்கினாள். அடுத்த முறை திரை விழுந்த பிறகு. அதற்கடுத்த முறை நாற்காலிகளை மடித்து அடுக்கி முடிக்கும்வரை தகரத்தில் முதுகு ஒட்டியபடி கிடந்தாள். சித்திரை வைகாசி முழுவதும் அவளே நடித்தாள். வைகாசிக் கடைசியில் பஸ் ஆரன் அடித்து, ஆரன் அடித்து, போயே போய்விட்டது.

அன்று இறங்கியதும் தரையில் உட்கார்ந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

"அங்க என்னம்மா பண்றே, அவ்ளோ நேரம்?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலண்ணா. எட்டு மணி நேரம் நின்னுக்கினே வேலை. உக்காந்தா சூப்பர்வைசர் பேரு எழுதிக்குவான். மேல போனா காலு இருக்கறதே தெரியல." மறு காலையும் அமுக்கிக்கொண்டு சொன்னாள். "மேல போறது கஷ்டமில்ல. எறங்கணும்னு நெனச்சாத்தான் எறங்க முடியுது. அந்த நெனப்பு இப்பல்லாம் லேட்டா வருது."

கமலக்கண்ணன் கூரையைப் பார்த்தான். தகரம் மட்டும் இல்லையென்றால், அந்த நினைப்பு வருவதற்குள் இவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று முதன்முதலாக அன்றுதான் யோசித்தான்.

ஆடிக் காற்று மேடைக்கு மேலிருந்த தகரங்களைப் பிய்த்துக்கொண்டு போய் நெடுஞ்சாலையோரம் போட்டது. மழைக்காலம் முடிந்துதான் போடுவேன் என்றார் ஷெட்காரர். அதே மாதம் சௌமியாவின் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி, இனிப் பட்டையில் தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசிக் காட்சியை வெட்டிவிடலாமா என்று பிரகாசம் கேட்டார். ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, லிபியாவும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது நல்லுசாமியே எழுந்து, "அப்ப கட்டிப் போடுங்க சார் அந்தப் பொண்ண. போயிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். சாந்தம்மா நல்லுசாமியை எதிர்த்துப் பேசாதது அதுதான் முதல் தடவை.

கமலக்கண்ணன் செயின் பிளாக்கை உத்தரத்திலிருந்து கழற்றி, கல் அறுக்கும் இயந்திரம் முன்பு நின்ற இடத்து அஸ்திவார போல்ட்டில் தரையோடு மாட்டினான். இத்தனை ஆண்டுகள் தூக்கிய சங்கிலி இனிப் பிடித்துவைக்க வேண்டும். அவன் விட்டால்தான் நீளும். விடாவிட்டால் ஒரு கண்ணிகூட நகராது. சௌமியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பழைய பட்டையைப் பிரித்து, உள்ளே பஞ்சு வைத்து, புதிதாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். லிபியாவின் இடுப்பில் அதைச் சுற்றி இழுத்துப் பார்த்து, "இந்த எடத்துலதான் அறுக்கும்மா. ரெண்டு மடிப்பா வெச்சிருக்கேன், கொத்தா, தெரிஞ்சுதா?" என்றாள். பிறகு கமலக்கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னை நீ இழுத்தே கமலா, நான் போனேன். அவள யாரு இழுக்கறாங்க?" என்று கேட்டாள். அவன் கொக்கியைத் திருப்பிப் பார்த்தான். "ஏனு மாடோது, என்ன செய்யறது" என்று சௌமியா தனக்குள் சொல்லிக்கொண்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

திரை தூக்கும் முன் லிபியா கமலக்கண்ணனிடம் ஒன்றுதான் கேட்டாள். "கொக்கிய மாட்டுங்கண்ணா. ஆனா நான் ரெண்டு தடவை சுண்டினாத்தான் இழுக்கணும். அதுக்கு முன்ன யாரு சொன்னாலும் இழுக்கக் கூடாது." அவன் தலையாட்டினான்.

'வெடிவைத்துத் திறந்தாயே, இந்த வெளிச்சத்தை எங்கே வைப்பாய்' என்பது கடைசிப் பாட்டின் முதல் வரி. இரண்டாவது வரியில் லிபியாவின் கால் எழும்பியது. நல்லுசாமி உச்சுக்கொட்டினார். கமலக்கண்ணன் சங்கிலியை விட்டுக்கொடுத்தான். அதுவரை அவன் கை அறிந்ததெல்லாம் கீழே இழுக்கும் கனம். இது மேலே இழுக்கும் கனம். ஐம்பது கிலோப் பெண் ஒரு டன் வார்ப்படத்தைவிட அதிகமாக இழுத்தாள். சுவரைத் தாண்டினாள், மேம்பாலத்து விளக்குக் கம்பங்களைத் தாண்டினாள். நெடுஞ்சாலையில் போன லாரி டிரைவர்கள் பார்த்தார்கள்; அங்கே நிறுத்தினால் அபராதம் என்பதால் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தபோது சங்கிலியும் தீர்ந்தது. அவள் சுண்டவில்லை.

கைதட்டல் ஓய்ந்து, பிறகு கூச்சல் எழுந்தது. "இழுய்யா! இழு!" பிரகாசம் ஆர்மோனியத்தை விட்டு ஓடிவந்தார். "கமலா, விளையாடாதே, இழு."

"அவ இழுக்கச் சொல்லிக் கேக்கல சார்."

"கேட்டு வாங்கறதுக்கு இது என்ன டீயா? இழுய்யா!" என்று நல்லுசாமி பாய்ந்து வந்து, மேலே போகிற சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். கை தோள்வரை நிமிர்ந்து, குதிகால் தரையிலிருந்து கிளம்பியது. முப்பது வருஷம் லேத்தில் நின்ற கால்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சங்கிலியைப் பத்திரமாக விட்டுவிட்டு, ஈரக் கண்ணைத் துடைக்காமல், "சங்கிலி பத்தாதுய்யா அவளுக்கு" என்றார். மறுநாள் தன் கம்பெனிப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து, முறையாக கேட் பாஸ் போட்டு, ஒரு சுருள் சங்கிலி எடுத்துவந்தார். சாந்தம்மா மாடு கட்டும் சங்கிலியைக் கொண்டுவந்தாள். ராஜாவின் ரிலீவர் பைக் பூட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் கமலக்கண்ணன் இழுத்துப் பார்த்து, இணைத்து, கண்ணி கண்ணியாக மேலே விட்டான். விட விட அவள் போனாள். மழை பெய்தது, நனைந்திருப்பாள். கம்பெனியில் அவள் அடையாள அட்டையை முடக்கினார்கள். விடுதிக்காரி பெட்டியை வெளியே வைத்தாள். அதைச் சாந்தம்மா தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். நாகரசம்பட்டியிலிருந்து லிபியாவின் அப்பா வந்து, அண்ணாந்து பார்த்து, சங்கிலியைத் தொட்டுவிட்டு, "சின்னப் பிள்ளையிலயே சொன்ன பேச்சு கேக்க மாட்டா" என்றார். இழுக்கச் சொல்லுவாரோ என்று கமலக்கண்ணன் பயந்தான். சொல்லவில்லை. மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வருவாளா என்பது கமலக்கண்ணனுக்கும் தெரியாது. சுண்டாமலே போய்விட்டால் கொலைகாரன் என்றுதான் ஊர் சொல்லும். அதையும் யோசித்துப் பார்த்தான். இழுத்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், அவள் எட்டு மணி நேரம் நிற்கப் போவாள். சங்கிலியின் முனையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தான். பகல் வெளிச்சத்தில், தலைக்கு மேல் கூரையில்லாமல், பல வருஷங்களில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மணிக்கட்டு இரண்டு தடவை சுண்டியது. எழுந்து இழுக்க ஆரம்பித்தான். டீக்கடையில் இருந்தவர்கள் வந்து கைகொடுத்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. பைக் பூட்டு, மாட்டுச் சங்கிலி, லேத் கம்பெனிச் சங்கிலி என்று வரிசையாக வந்து, கடைசியில் லிபியா வந்தாள். உதடு வெடித்து, முகம் கறுத்திருந்தாள். கால் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு தெரிந்தது. சாந்தம்மா கொடுத்த தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

"வேலை போயிடுச்சும்மா" என்றான் கமலக்கண்ணன்.

"தெரியும்ணா. மேலேருந்து பஸ்ஸு தெரிஞ்சுது. என் எடத்துல வேற பொண்ணு ஏறினா." செருப்பைத் தேடி, எடுத்து, மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டாள். "ரிலீவர் வந்துட்டா."

அதன்பின் ஷெட்காரர் தகரம் போட இரண்டு முறை ஆள் அனுப்பினார். ரசிகர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிபியா இப்போது சாந்தம்மா வீட்டில் இருக்கிறாள். சௌமியாவின் கடையில் உட்கார்ந்து பட்டன் கட்டுகிறாள். மழை விட்ட ஞாயிறுகளில் கரும்பலகையில் கல்லரசி என்பதற்கு எதிரே இரண்டு பேர் எழுதியிருக்கும்: தரையில் சௌமியா, மேலே லிபியா. சில வாரம் அன்றே இறங்கிவிடுவாள். சில வாரம் வியாழன், வெள்ளி ஆகும். அவள் இறங்கும்வரை கமலக்கண்ணன் ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறான். அவன் வலது கை சும்மா இருக்கும்போது கொஞ்சம் மேலே போய்விடுகிறது என்பதால் டீ கிளாஸை இடது கையில்தான் பிடிக்கிறான். சங்கிலிக்குப் புதுத் துண்டு கொண்டுவருகிறவர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. நல்லுசாமி இன்னும் முதல் வரிசையில்தான் உட்காருகிறார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. கால் இப்போதும் இரண்டாவது வரியிலேயே எழும்பிவிடுகிறது, அதை யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அண்ணாந்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.