ஆத்தப்பன் வீட்டுப் பின்னல் குழாய்

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஆத்தப்பன் வீட்டிலிருந்து தெருச் சாக்கடை வரை மண்ணுக்கடியில் செல்லும் கழிவுநீர்க் குழாயின் நீளம் நாற்பத்திரண்டு அடி. அதில் முதல் ஒன்பது அடி சுட்ட மண்ணாலானது. எஞ்சிய முப்பத்து மூன்று அடி பனியன் துணியாலானது. அத்துணியை எந்த இயந்திரமும் செய்யவில்லை, எந்தக் கையும் பின்னவில்லை. அது தானாகவே தன்னைப் பின்னிக்கொண்டது என்பது 2006ஆம் ஆண்டு மாசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. அதற்கு முன் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வீட்டார் அதன் வழியாகவே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடு 1971இல் கட்டப்பட்டது. அந்தத் தெரு முழுவதும் களிமண். கோடையில் கை நுழையுமளவு வெடித்துச் சுருங்கும். மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்து ஊதும். அதனால் ஆத்தப்பன் வீடு ஐப்பசியில் ஏறும், சித்திரையில் இறங்கும். மழைக்காலத்தில் வாசலுக்கு மூன்று படிகள், கோடையில் இரண்டு. தபால்காரர் உட்பட அனைவரும் இதை அறிந்திருந்ததால் எவரும் தடுக்கி விழுந்ததில்லை. மண் இவ்வாறு மூச்சு விட்டதில் அக்கம்பக்கத்து வீடுகளின் குழாய்கள் பத்தாண்டுக்குள் மூட்டுக்கு மூட்டு விலகின. தெருவில் இருமுறை, சில வீடுகளில் மும்முறை, தோண்டிப் புதைத்தாயிற்று. ஆத்தப்பன் வீட்டுக் குழாய்க்கு மட்டும் எதுவும் நேரவில்லை. கேட்டவர்களிடம் அவர் கொத்தனாரின் கைராசி என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்த்ததே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டின் பின்புறம் வரிசையாக ஐந்து அறைகள். குடியிருந்தோர் எப்போதும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களே. சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்த அந்தோணிராஜும் மனைவி ரோஸ்மேரியும் 2003 முதல் மூன்றாவது அறையில் இருந்தார்கள். அவர் துணி பின்னும் இயந்திரத்தை ஓட்டினார். தைத்து வந்த சட்டைகளில் அவள் பிழை பார்த்தாள். மாலையில் வீடு திரும்பும்போது இருவர் மேலும், மற்ற நான்கு அறைக்காரர்கள் மேலும், அன்றைக்குக் கம்பெனியில் ஓடிய நிறத்தில் பஞ்சு படிந்திருக்கும். அந்த உடைகளைப் பின்கட்டுத் துவைகல்லில் துவைப்பார்கள். துவைத்த நீர் வீட்டுக் குழாயில்தான் கலந்தது. 2005 வைகாசியில் ஆத்தப்பன் குழாயின் வாயில் உள்ளங்கையளவு மஞ்சள் பஞ்சு அடைந்திருக்கக் கண்டார். அன்றே, இனிக் கம்பெனித் துணியை இங்கே துவைக்கக் கூடாது என்று ஐந்து அறைகளுக்கும் சொன்னார். அவர்கள் அன்று முதல் துணிகளை மூட்டை கட்டிக் கம்பெனிக் குழாயடிக்குச் சுமந்தார்கள்.

தை மாதத்தில் குழாய் நின்றது. திங்கட்கிழமை ஊற்றிய வெந்நீர் புதன்கிழமை சூடு ஆறாமல் குளியலறைக்குள் மேலேறி வந்தது. சாமி அறைச் சுவரில் ஒரு விரிசல் தோன்றி, நாளுக்கு ஓர் அங்குலம் நீண்டு, முருகன் படத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. குடியிருப்போர் திருட்டுத்தனமாகத் துவைத்துப் பஞ்சைக் குழாயில் அடைத்துவிட்டார்கள் என்று ஆத்தப்பன் முடிவு செய்தார். துவைகல்லுக்கு நேர் எதிரே இருந்தது மூன்றாவது அறை.

“மாசி முடியறதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிப் போடோணுங்க,” என்றார் அந்தோணிராஜிடம்.

ரோஸ்மேரியின் மகள் ஜோதிகா அப்போது பத்தாம் வகுப்பு. பங்குனியில் அரசுத் தேர்வு. எட்டு ஆண்டுகளில் அவர்கள் ஆறு வீடு மாறியிருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தப் பெண் பாதிப் புத்தகத்தில் பள்ளியையும் மாற்றிக்கொண்டிருந்தாள். இம்முறை மட்டும், தேர்வு முடியும்வரை மட்டும், நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர ரோஸ்மேரி வேறெதையும் கேட்கவில்லை. ஆத்தப்பனின் மனைவி சின்னாத்தாளிடம் போய் நின்றாள்.

“யக்கா, வைகாசிலேந்து ஒரு கைக்குட்டைகூட இங்க நனைக்கலக்கா. நாங்க அடைச்சோம்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?”

“அவரு சொல்றாரு அம்மிணி. மண்ணுக்குள்ள பூந்து நானா பாத்தேன்?”

மண்ணுக்குள் புகுந்து பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பது அந்தோணிராஜுக்குத் தெரியும். அருள்புரம் மருதாசலம் ஆழ்துளைக் கிணறுகளுக்குள் கேமரா இறக்கி, எத்தனையாவது அடியில் ஊற்று, எத்தனையாவது அடியில் மோட்டார் சிக்கியிருக்கிறது என்று சொல்பவர். கிணறுகள் வற்றிய ஆண்டுகளில் தொழில் குறைந்தபோது அதே கேமராவைச் சக்கரத்தில் ஏற்றிப் பழைய வீடுகளின் குழாய்களுக்குள் அனுப்பத் தொடங்கியிருந்தார். அந்தோணிராஜ் ஆத்தப்பனிடம், “உள்ள எங்க துணிப் பஞ்சு அடைச்சிக் கெடந்துச்சுன்னா நாளைக்கே சாமானை ஏத்திருதோம்யா. இல்லன்னா பிள்ளை பரீட்சை எழுதட்டும்,” என்றார். ஆத்தப்பன் மறுநாள் ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு ரோஸ்மேரி தேவாலயப் பூசைக்குப் போகவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்து நின்றாள். மருதாசலம் தேங்கிய நீரை இறைத்து, அடிக்கணக்கு குறித்த கம்பியின் முனையில் கேமராவைப் பூட்டி உள்ளே தள்ளினார். முக்காலியில் வைத்த சிறு டிவியில் சுட்ட மண் குழாய் தெரிந்தது. ஒன்பதாவது அடியில் அது உடைந்து முடிந்தது. களிமண் அதைக் கடித்துத் தின்றுவிட்டிருந்தது. ஆனால் உடைந்த வாயில் மண் இல்லை. சீரான, வட்டமான, தையலே இல்லாத துணிக் குழாய் ஒன்று அங்கிருந்து தொடங்கி இருட்டுக்குள் போயிற்று. வெளிச்சம் பட்டபோது அது மெல்ல விரிந்து சுருங்கியது.

“போர்க் கெணத்துக்குள்ள நாகம் பாத்திருக்கறனுங்க, செருப்புப் பாத்திருக்கறனுங்க,” என்றார் மருதாசலம். “பனியனு இதுதா மொதல் தடவைங்.”

அந்தோணிராஜ் குனிந்து பார்த்தார். “ரிப் துணிய்யா இது. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். இவ்வளவு சின்ன வட்டத்துக்குத் திருப்பூர்லயே மெஷின் கிடையாதே.”

கேமரா நகர நகரத் துணியின் நிறம் மாறியது. பதினேழாவது அடி வரை வெறும் வெள்ளை. ஊர் வெள்ளைப் பனியன் மட்டுமே தைத்த காலத்துப் பஞ்சு அது. பிறகு ஏற்றுமதி தொடங்கிய ஆண்டுகளின் கருநீலம், பாட்டில் பச்சை, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆர்டருக்கும் ஒரு சிவப்புப் பட்டை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஐந்து அறைக்காரர்களின் உடம்பிலிருந்து கழுவப்பட்ட பஞ்சு மண்ணுக்கடியில் வரிசை தவறாமல் பின்னப்பட்டிருந்தது. நாற்பத்தோராவது அடியில், பின்னல் முடியும் இடத்தில், ஒரு துளை. அதன் வழியே களி பிதுங்கி உள்ளே வந்து குழாயை அடைத்திருந்தது. துளையின் விளிம்பு மஞ்சளாக இருந்தது.

“நூல் தீந்திருக்குய்யா,” என்றார் அந்தோணிராஜ். “நூல் கோன் மாத்தாம மெஷினை ஓட்டினா இப்பிடித்தான் ஓட்டை விழும். இந்த மஞ்சள் போன வைகாசில எங்க கம்பெனில ஓடினது. அதுக்கப்புறம் ஒரு வரிகூட ஏறல.”

முதலில் விளங்கியது சின்னாத்தாளுக்குத்தான். “அப்ப இவங்க தொவைச்சது கோளாறில்ல, தொவைக்காததுதா கோளாறு. நல்ல ஊட்டுக்காரருங்க நீங்க!”

ஆத்தப்பன் துவைகல்லின் மேல் உட்கார்ந்தார். குழாய் பதித்த அன்று மூட்டுகளில் திணிக்கச் சணல் வேண்டுமென்று கொத்தனார் கேட்டதையும், கடைக்குப் போகச் சோம்பி, தாம் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் கழிவு நூலையே கொடுத்துவிட்டதையும் முதன்முறையாகச் சொன்னார். அடைப்பு வந்தபோது அந்த நூல்தான் அழுகிவிட்டதென்று பயந்ததையும் சொன்னார்.

“நான் பண்ணுன தப்பு வெளிய தெரிஞ்சிருமோன்னு உங்க மேல போட்டுட்டனுங்க, அம்மிணி.”

“தப்பாய்யா அது? அந்த நூலைப் பிடிச்சித்தான பின்னல் ஏறிருக்கு,” என்றாள் ரோஸ்மேரி. “முப்பத்தஞ்சு வருசம் கிழியாத துணிய நான் எந்தக் கம்பெனிலயும் செக் பண்ணதில்ல.” சொல்லிவிட்டு, சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகலே ஐந்து அறைகளின் கம்பெனித் துணிகளும் துவைகல்லுக்கு வந்தன. சின்னாத்தாள் சோப்பு எடுத்துக் கொடுத்தாள். துவைத்த நீரைக் குடம் குடமாக மெதுவாக ஊற்றினார்கள். அவ்வாரம் கம்பெனியில் ஓடியது வெளிர்நீலம். நான்காம் நாள் காலை, குளியலறையில் தேங்கியிருந்த நீர் நெடுங்காலம் அடக்கிய மூச்சை விடுவதுபோன்ற ஓசையுடன் இறங்கிப் போனது. மருதாசலம் மறுபடியும் கேமராவை விட்டார். பிதுங்கிய களி கரைந்து போயிருந்தது. மஞ்சளை அடுத்து வெளிர்நீலம் ஏறி, துளை மூடியிருந்தது. ஓரிடத்தில் பின்னல் சற்றுத் தளர்வாக இருப்பதாக ரோஸ்மேரி குறை சொன்னாள். அடுத்த வாரம் அதுவும் சரியாயிற்று. சுவர் விரிசல் முருகன் படத்தைச் சுற்றி வந்த வழியே திரும்பிப் போய்த் தரையோடு மறைந்தது. சாக்கில் கட்டிய பாத்திரங்கள் அலமாரிக்குத் திரும்பின. ஜோதிகா பங்குனியில் தேர்வு எழுதினாள்; அதே வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்த, பதினோராம் வகுப்பில் சேரச் சொன்ன பள்ளிக் கடிதத்தை, இரண்டாம் படியில் நின்று, தானே வாங்கிக்கொண்டாள்.

2008இல் புதைசாக்கடை இணைப்புக்கு விவரம் குறிக்க வந்த ஊழியரின் படிவத்தில் குழாயின் வகை என்றொரு கட்டம் இருந்தது. ஆத்தப்பன் உள்ளதைச் சொன்னார். ஊழியர், பனியன் ரிப், நல்ல நிலை என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த ஐப்பசியிலும் வீடு மூன்றாம் படிக்கு ஏறியது. சின்னாத்தாள் பின்கட்டைப் பார்த்து, “ஏனம்மிணி, இன்னைக்கு என்ன கலரு?” என்று கேட்டாள். துவைகல்லிலிருந்து ரோஸ்மேரி, “ஆரஞ்சுக்கா,” என்றாள்.