பாதியில் நின்ற ஆமைக் கதை

செல்லத்தாய் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், திங்கட்கிழமை பதினொரு மணி டீ பிரேக்குக்கு மட்டும் செக்கிங் டேபிள் பெண்கள் யாரும் வெளியே போக மாட்டார்கள். டீ டம்ளரும் கையுமாக எட்டுப் பேரும் டேபிளைச் சுற்றி நின்றுகொண்டு, "ம், ஆரம்பிங்க" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் பார்த்ததை அவள் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கம் அவர்கள் வீட்டுக்கு அரசாங்கத்தின் இலவச டிவி வந்ததில் தொடங்கியது. அவள் புருஷன் குருசாமி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த அன்று, லைன் வீட்டுச் சனம் மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கேபிள் இழுக்க மட்டும் குருசாமி சம்மதிக்கவில்லை. "கேபிள் வந்தா ராவும் பகலும் சீரியல்தான் ஓடும். ஒரு நாள் லீவுல நான் எங்கிட்டுத் தூங்க?" என்றான். மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனாவைக் கட்டிவிட்டான். அதில் தூர்தர்ஷன் மட்டும் எடுத்தது. வேறு வழியில்லாமல்தான் செல்லத்தாய் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கிற வேலையைக்கூட ஆறு மணிக்கே முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் அளவுக்கு அது பிடித்துப்போயிற்று.

காலையில் ஒரு ஆவணப்படம் வரும். தேனீ எப்படிக் கூடு கட்டுகிறது, பாலைவனத்தில் கிணறு எப்படித் தோண்டுகிறார்கள், இப்படி ஏதாவது. அதற்குப் பின்னால் அரை மணி நேரம் கச்சேரி. ராகம், தாளம் எதுவும் செல்லத்தாய்க்குத் தெரியாது. ஆனால் பதினோரு வருஷமாக டியூப் லைட்டுக்குக் கீழே டீ-ஷர்ட்டை விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று தேடிய கண் அது. கச்சேரியையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள்.

"பாட்டுக்காரரு ஒரு எடத்துல லேசா வழுக்கிட்டாரு. யாருக்கும் தெரியல. வயலின்காரரு சட்டுன்னு அந்த எடத்தைப் பிடிச்சு, அவரும் அதே மாதிரி வாசிச்சு, அது வேணும்னே பண்ணுனதுங்கிற மாதிரி ஆக்கிட்டாரு. ஆல்டரேஷன் போட்ட தடமே தெரியல பாத்துக்கிடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஒரு சிரிப்பு."

இப்படி அவள் சொல்லும்போது, கச்சேரி என்றாலே தூக்கம் வரும் என்பவர்கள்கூட வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமைகளைப் பற்றிய படம் வந்தது. ஒரிசா கடற்கரை. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. அலையிலிருந்து முதலில் ஒரு ஆமை வருகிறது. பிறகு பத்து. பிறகு கரை முழுக்க, கால் வைக்க இடமில்லாமல், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் பின்னங்காலால் மணலைக் குழி பறித்து, நூறு முட்டை இட்டு, மணலைத் தள்ளி மூடி, வயிற்றால் தட்டித் தட்டிச் சமமாக்கிவிட்டு, வந்த வழியே கடலுக்குப் போகிறது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "நாற்பத்தைந்து நாட்கள் கழித்து..." என்று படத்தில் குரல் சொன்னது. மணல் லேசாக அசைந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது, திரையில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டேபிளில் கரண்ட் போனது வரைக்கும் சொல்லிவிட்டுச் செல்லத்தாய் நிறுத்தினாள்.

"அப்பறம் என்னாச்சுங்க?" என்றாள் பழனாத்தாள். அந்த டேபிளில் வயதில் மூத்தவள் அவள்தான். அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"தெரியாதுக்கா. கரண்டு போயிட்டு."

"அதென்ன கண்ணு இப்படிப் பாதீல உட்டுப் போட்டே? குஞ்சு வந்துச்சு, கடலுக்குப் போச்சுன்னு நீயே ஒண்ணு சொல்லிப் போடறதுதானுங்க?"

"பாக்காததை எப்படிக்கா சொல்ல? பீஸைப் பிரிச்சே பாக்காம பாஸ் ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரில்லா ஆயிரும்."

பழனாத்தாள் காலி டம்ளரை வைத்துவிட்டு முந்தானையை உதறினாள். "என்ன இருந்தாலும் அதென்ன பொறப்பு அம்மிணி அது? நூறு முட்டைய மண்ணுல போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போறது? அதெல்லாம் ஒரு தாயா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். டேபிளின் அந்தக் கோடியில் நின்றிருந்த ஒச்சாயி சிரிக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் இறந்த பிறகு, ஏழு வயது மகளை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மகளைப் பார்த்துத் தீபாவளியோடு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையிலிருந்த டீயைப் பாதிகூடக் குடிக்காமல் குழாயடியில் ஊற்றிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே வந்து பீஸை எடுத்து விரித்தாள்.

அந்தப் பேச்சு ஒச்சாயியைச் சுட்டுவிட்டது என்று செல்லத்தாய்க்குப் புரிந்தது. பழனாத்தாள் வேண்டுமென்று சொன்னவள் இல்லை. சாயங்காலம் அவளிடம் தனியாக எடுத்துச் சொன்னபோது, "அய்யோ, எனக்கு அந்த ரோசனையே இல்லீங்களே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த வாரம் முழுக்க ஒச்சாயி கேட்டதற்கு மட்டும் பதில் பேசினாள்.

கதை முழுசாக இருந்திருந்தால் பேச்சு அந்த இடத்தில் போய் நின்றிருக்காது என்று செல்லத்தாய்க்குத் தோன்றியது. புதன்கிழமை ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, டிவி நிலையத்துக்கு எழுதினாள். 'ஐயா, பிப்ரவரி மாதம் ஞாயிறு காலை ஆமை படம் போட்டீர்கள். எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது. மீதியை இங்கே எட்டுப் பேர் கேட்கிறார்கள். தயவுசெய்து இன்னொரு முறை போடவும்.' ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று, 'அதற்கு முந்தின வாரம் வீணை நன்றாக இருந்தது' என்றும் ஒரு வரி சேர்த்தாள். குருசாமி அதைப் படித்துப் பார்த்தான்.

"அவன்கிட்ட லட்சம் கடுதாசி வரும். ஒன்னோடதையா எடுத்துப் படிக்கப் போறான்?"

"படிச்சாப் படிக்கான். படிக்காட்டிப் போறான். கொண்டு போயி பெட்டில போடுங்க."

அவனும் வேலைக்குப் போகிற வழியில் போட்டான்.

மார்ச் இரண்டாவது வாரம் கம்பெனிக்கு ஒரிசாவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் பசந்தி என்கிற பெண்ணைச் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் பிசிறு வெட்ட உட்கார வைத்தார்கள். இருபது வயது இருக்கும். தமிழில் 'சாப்பாடு', 'அக்கா' என்று இரண்டு சொல்தான் தெரியும். யாராவது பேசினால் சிரிப்பாள், தலையைக் குனிந்து நூலை வெட்டுவாள்.

செல்லத்தாய்க்கு ஒரிசா என்று கேட்டதுமே ஆமை ஞாபகம் வந்தது. ஆனால் ஒரிசா என்ன ஒரு தெருவா? இந்தப் பெண் கடலைப் பார்த்தவளோ, காட்டைப் பார்த்தவளோ. இரண்டு மூன்று நாள் தயங்கினாள். பிறகு ஒரு டீ பிரேக்கில், அட்டைப் பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்து, அதில் சாக்பீஸால் ஓடு, தலை, நாலு கால் என்று வரைந்து பசந்தியிடம் நீட்டினாள். படம் பார்க்க இட்லிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

பசந்தி பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

"கைஞ்சோ!" என்றாள். புரியவில்லையோ என்று நினைத்து, "கச்சுவா, அக்கா, கச்சுவா!" என்று இந்தியிலும் சொன்னாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை அலை மாதிரி ஆட்டினாள். அவள் ஊரே அந்தக் கரையில்தான் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கியது.

செல்லத்தாய் திரும்பி, "ஏட்டி ஒச்சாயி, இங்க வா. சீக்கிரம் வா" என்று கூப்பிட்டாள். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு பசந்தி பேசியது பாதி ஒரியா, பாதி இந்தி, மீதி கையும் கண்ணும். மஞ்சள் டீ-ஷர்ட்டுகளை இழுத்து டேபிளில் குவித்தாள். அதுதான் மணல். சட்டைப் பொத்தான்களை ஒரு பிடி அள்ளி அதற்கு அடியில் புதைத்தாள். விரலை மடக்கி மடக்கி நாற்பத்தைந்து எண்ணினாள். பிறகு அடியில் கையை விட்டு மெதுவாகத் தூக்கினாள். மணல் பொங்கியது. பொத்தான்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்து உருண்டன.

குஞ்சுகள் வெளிச்சம் இருக்கிற பக்கம் போகும் என்று டியூப் லைட்டைக் காட்டினாள். கடல் இருட்டிலும் பளபளக்கும், அதைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆனால் ஊரில் விளக்கு எரிந்தால் குஞ்சுகள் ஏமாந்து ஊர்ப் பக்கம் வந்துவிடும். நாய், காக்கா, லாரிச் சக்கரம். ஒவ்வொன்றையும் அவள் செய்து காட்டினாள். அதனால் அந்த நாட்களில் அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அவள் அம்மா, அவள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு போய், வழி தப்பி வந்த குஞ்சுகளைப் பொறுக்கி அலைக்குப் பக்கத்தில் விடுவார்கள். ஒரு பொத்தானை உள்ளங்கையில் வைத்து, குனிந்து, தரையில் விட்டுக் காட்டினாள். கையை எடுத்ததும் அது ஓடுவதை அவள் கண்கள் தொடர்ந்த மாதிரி இருந்தது. எல்லோரும் அந்த வெறும் சிமெண்ட் தரையையே பார்த்தார்கள்.

முதலாளி மகுடேஸ்வரன் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. பார்த்ததும் எல்லோரும் அவசரமாகக் கலைந்து பீஸை எடுத்தார்கள். மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏனுங்க, அந்தக் குஞ்சுக எல்லாம் போய்ச் சேந்துச்சுங்களா?"

"சேந்துட்டுங்க" என்றாள் செல்லத்தாய்.

"அப்பச் செரி. பொத்தானையெல்லாம் பொறுக்கி வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சாயி மட்டும் நகரவில்லை. பசந்தியின் தோளைத் தொட்டு, "அம்மா?" என்று கேட்டாள். அட்டையில் வரைந்திருந்த ஆமையைக் காட்டி, மறுபடியும், "அம்மா? மா?" என்றாள்.

பசந்திக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூரத்துக்கு நீட்டினாள். தூரம், தூரம் என்று நீட்டிக்கொண்டே போனாள். பிறகு அந்தக் கை ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து, மஞ்சள் துணிக் குவியலின் மேல் தட்டியது. தட்டித் தட்டிக் காட்டினாள். இங்கேதான், இதே மணலுக்குத்தான், ஒவ்வொரு வருஷமும்.

"வருது" என்றாள் ஒச்சாயி மெதுவாக. "எம்புட்டுத் தூரம் போனாலும் வருதுக்கா."

மறுநாள் பழனாத்தாள் ஊத்துக்குளி நெய்யில் செய்த உருண்டைகளை ஒரு தூக்குப் போசியில் கொண்டு வந்து ஒச்சாயி முன்னால் வைத்தாள். "ஊட்டுல நேத்துப் புடிச்சதுங்க. நீ பாதிய எடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு" என்றாள். ஒச்சாயி ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏலக்கா கொஞ்சம் தூக்கல்" என்றாள். அந்த மனத்தாங்கல் அன்றோடு முடிந்தது.

ஏப்ரல் கடைசியில் லைன் வீட்டு முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. அச்சடித்த கார்டுதான். தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று மட்டும் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் யாரோ நீல மையில் ஒரு தேதி எழுதி, 'ஆமை, ஞாயிறு காலை 9.30' என்று குறித்திருந்தார்கள். குருசாமி அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். அன்று மாலையே மாடிக்குப் போய் ஆன்டெனாவை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான்.

மே மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாயின் ஒற்றை அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழனாத்தாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஒச்சாயி பள்ளிக்கூட லீவுக்கு மகளை அழைத்து வந்திருந்தாள். ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டு, ஒரு மாதத்துக்குத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். பசந்தியை டிவிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கரண்ட் போய்விடுமோ என்று எல்லோரும் அடிக்கொரு தரம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது.

படத்தில் மணல் அசைந்து, முதல் குஞ்சு தலையை நீட்டியபோது பசந்தி கைதட்டிவிட்டாள். அதற்கப்புறம் படத்தின் குரல் யார் காதிலும் விழவில்லை. இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழில் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். "இது எங்க ஊரு இல்ல, பக்கத்து ஊரு. இந்த ஆளு பாரஸ்டு. அக்கா, எங்கம்மா கூடை எடுத்துட்டுப் போவா, அது இதுல வரல. அது போடலை பாரு!" என்று கோபித்துக்கொண்டாள். அவள் சொன்ன விளக்கணைத்த தெரு படத்தில் வரவே இல்லை. நல்லவேளை, அதை முன்னாலேயே கேட்டுவிட்டோம் என்று செல்லத்தாய் நினைத்துக்கொண்டாள்.

ஒச்சாயியின் மகள் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அலைக்குள் மறைந்ததும் நிமிர்ந்து, "ஏம்மா, அதோட அம்மா எங்க?" என்றாள்.

பழனாத்தாள் சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"கடலுக்குள்ள இருக்கு" என்றாள் ஒச்சாயி. "வேலைக்குப் போயிருக்கு."

"திரும்பி வருமா?"

"வரும்டி. வராம எங்க போகுது? இதே எடத்துக்கு வரும்."

பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடியும் சாய்ந்துகொண்டாள். ஒச்சாயி அவள் தலையைக் கோதி, கலைந்திருந்த பின்னலைப் பிரித்துப் புதிதாகப் போட ஆரம்பித்தாள்.

படம் முடிந்ததும் கச்சேரி தொடங்கியது. புல்லாங்குழல். இதுவரை டேபிளில் செல்லத்தாய் வாயால் மட்டும் கச்சேரி கேட்டவர்கள், எழுந்து போவார்கள் என்று அவள் நினைத்தாள். யாரும் எழவில்லை. குருசாமி பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு வந்து, இடமில்லாமல் நிலைப்படியில் உட்கார்ந்தான். பழனாத்தாள் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, செல்லத்தாயின் பக்கம் குனிந்தாள்.

"ஏன் கண்ணு, அந்த மிருதங்கக்காரரு எதுக்கு ஊதறவரையே பாத்துட்டு இருக்காருங்க?"

"எங்க நிறுத்தப் போறாருன்னு பாக்காருக்கா. பேசாம கேளுங்க, இப்ப நிறுத்துவாரு."

குழல்காரர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று வாசித்தார்.