நானூற்றுப் பன்னிரண்டு டப்பா

எங்கள் பெயிண்ட் குடோனில் மாதக் கடைசி வந்தாலே முதுகு ஒடிந்துவிடும். ஒன்பதாயிரம் டப்பாவை ஆறு பெண்கள் மூன்று நாள் எண்ணுவோம். எண்ணி முடித்த டப்பாவின் வயிற்றில் சாக்பீஸால் ஒரு கீற்று போடுவோம். பதினொரு வருடமாக என் கைக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

செலவைக் குறைக்கிறோம் என்று மேனேஜர் ரேடியோ டேக் கொண்டுவந்தார். டப்பாவுக்கு ஒன்று ஒட்டிவிட்டு, கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவே எண்ணிவிடுமாம். எல்லாம் சரியாக வந்தால் ஸ்டாக் எடுக்க ஒரே ஆள் போதும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒட்டும் வேலையை எங்கள் தலையிலேயே கட்டினார். எங்கள் குழியை நாங்களே வெட்டினோம்.

முதல் சோதனையில் நானூற்றுப் பன்னிரண்டு டப்பா குறைந்தது. குடோன் சாவி அத்தானிடம், அதாவது என் அக்கா கணவரிடம் இருக்கிறது. இத்தனை நாள் கைக்கணக்கில் மறைத்தீர்களா என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். திரும்ப எண்ணலாம் என்றார் அத்தான். மூன்று நாள் காத்திருக்க முடியாது, நான்கு மணிக்குள் விளக்கம் எழுதித் தராவிட்டால் போலீஸ்தான் என்று பதில் வந்தது. அத்தான் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு வரிகூட எழுதவில்லை.

பார்க்கச் சகிக்காமல் ரேக்குப் பக்கம் போனேன். நான் ஒட்டிய வரிசையில் ஒரு டப்பாவின் வயிற்றில் டேக் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த டப்பாவிலும் அப்படியே. தகரத்தில் ஒட்டினால் கருவிக்கு எட்டாது, பிளாஸ்டிக் கைப்பிடியில்தான் ஒட்ட வேண்டும் என்று கருவி விற்ற கம்பெனி ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அசதியில் என் கை கீற்றுப் போடும் இடத்துக்கே போயிருக்கிறது.

கூட எண்ணுகிறவள் பார்த்துவிட்டாள்.

"பேசாம இருடி. மெஷின் சரியில்லன்னு திருப்பி அனுப்பட்டும். நம்ம பொழைப்பாவது மிஞ்சும்."

"அத்தானைத் திருடன்னு சொல்லுவாங்களே."

"நாலு நாள்ல மறந்துடுவாங்க."

யாரும் மறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரைக் கூட்டிவந்து, அவர் கண்முன்னே ஒரு டேக்கை உரித்துக் கைப்பிடியில் ஒட்டினேன். கருவி உடனே கூவியது. மறுநாள் மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் கணக்கில் வந்துவிட்டன. மேனேஜர் அத்தானிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தக் கம்பெனி ஆளுக்குத்தான் கைகொடுத்தார்.

வாரக் கடைசியில் ஐந்து பேரை நிறுத்தினார்கள். ஒழுங்காக ஒட்டத் தெரியாதவள் என்பதால் முதல் பெயர் என்னுடையது. கூட எண்ணியவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள்.

அன்று அக்கா வீட்டில் சாப்பிட்டேன். வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று தேற்றியபடி அக்கா பரிமாறினாள்.

"உன் வேலை போனது கஷ்டந்தான். ஆனா நல்லவேளைடி, அந்த மெஷின் இருந்துச்சு. அதுதான் இவரு மானத்தைக் காப்பாத்துச்சு."

நடந்ததை அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கும் விளக்கத் தெம்பில்லை.

"ஆமாக்கா" என்றேன்.