கீழ்த்தளத்தில் கேட்ட ‘டம்’

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது மார்லிஸ் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் இருந்த கீழ்த்தளத்தில் ‘டம்’ என்று ஏதோ அதிர்ந்தது. காலடியில் தரை ஒரு கணம் எம்பி அடங்கியது. ஜனவரி மாதம், அமெரிக்காவின் வடக்கு எல்லையை ஒட்டிய பெமிட்ஜியில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி.

“ஃபர்னஸ்தான். தகரக் குழாய் சூட்டுல விரியுது” என்றான் அவள் கணவன் வெர்லின். “வீடு வயசாச்சு, முனகுது. நீ முனகுறதில்லையா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் இரண்டு முறை கேட்டது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. பழுது பார்க்கும் ரோண்டா வந்து ஆறு தடவை ஃபர்னஸை ஓட்டிப் பார்த்தாள். அது சாதுவாக எரிந்தது.

“என் முன்னாடி வாயே திறக்க மாட்டேங்குது” என்றாள் ரோண்டா. “மறுபடி கேட்டா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்க.”

“பேய்க்கு டைரி எழுதப் போறா” என்றான் வெர்லின்.

மார்லிஸ் எழுதினாள். மூன்று நாளில் ஐந்து சத்தம். எல்லாமே ஃபர்னஸ் பற்றும்போது வந்தவை. அணையும்போது ஒன்றுகூட இல்லை. குழாய் விரியும் சத்தமென்றால் குழாய் சூடான பிறகல்லவா வர வேண்டும்? அதன்பின் கீழே ஃபர்னஸ் பற்றத் தொடங்கும் ‘க்ளிக்’ கேட்டாலே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ஃபர்னஸ் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கேலி பண்ணவென்றே வெர்லினும் காப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தான்.

“என்ன, பேய் வந்துச்சா?”

“பேசாத. பாரு.”

சின்ன விசிறி சுழன்றது. ‘க்ளிக்.’ கேஸ் சீறியது. நான்கு பர்னர்களில் முதலாவது மட்டும் நீலமாகப் பற்றியது. மற்ற மூன்றும் இருட்டாகவே இருந்தன. சீறல் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். நான்கு...

‘டம்!’

கதவின் அடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ வெளியே நாக்கை நீட்டி உள்ளே போயிற்று. கோப்பை சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்தது. வெர்லின் சிலையாக நின்றான். மார்லிஸ்தான் சிவப்பு சுவிட்சை அணைத்தாள். கேஸ் குழாயின் மஞ்சள் பிடியைத் திருகி மூடினாள்.

“ரெண்டு பேரும் வெளிய வாங்க, இப்பவே!” என்று கத்தினாள் ரோண்டா, மார்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதும்.

வாசலில் நின்ற தங்கள் டிரக்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வீடு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடுமோ என்ற பயம் இப்போது சேர்ந்துகொண்டது. வெர்லின் ஹீட்டரைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் ரோண்டா வந்தாள். பர்னர்களைக் கழற்றி, நகத்தளவு துருச் செதில் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“ஒரு பர்னர்லேர்ந்து அடுத்ததுக்குத் தீ தாவுற வழியில கிடந்துச்சு. சில நேரம் அடைக்கும், சில நேரம் விலகும். அடைச்சா கேஸ் சேர்ந்துபோய் மொத்தமாப் பத்தும். அன்னிக்கே நான் கழட்டிப் பார்த்திருக்கணும், மார்லிஸ். தப்பு என்னோடது.” சுற்றிலும் பார்த்தாள். “இந்தக் குளோரின் வாளியெல்லாம் இங்க யாரு வெச்சது? இந்த ஆவிதான் இரும்பைத் தின்னுருக்கு.”

பின்கட்டில் இருக்கும், உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் கலப்பதற்காக வெர்லின் வாங்கி வைத்தவை அவை. அவன் கையுறைகூடப் போடாமல், இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

எல்லாவற்றையும் துடைத்து, மாட்டி, கேஸ் கசிவு இல்லையென்று பார்த்தபின் ரோண்டா சுவிட்சைப் போட்டாள். மார்லிஸ் கைப்பிடிக் கம்பியை இறுக்கிக்கொண்டாள். ‘க்ளிக்.’ நான்கு பர்னர்களும் ஒரே மூச்சில், சத்தமில்லாமல் பற்றின.

“சரியாயிடுச்சு” என்றாள் ரோண்டா.

“இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்களேன்” என்றான் வெர்லின்.

எட்டு தடவை போட வைத்தான்.